பேய் பிறழ்சாட்சி ஆவதில்லை

செத்தவன் திரும்பி வந்து கொன்றவனைக் கொல்லும் கதைக்கு எந்த நாட்டிலும் ஆள் சேராமல் போனதில்லை. முடிவு என்ன என்று முதல் அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிடும். யார் யார் சாவார்கள், எந்த வரிசையில் சாவார்கள் என்பதும் தெரியும். தெரிந்தும் கடைசிவரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறோம். ஏன்?

நம் பகுத்தறிவுத் தோழர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: மூடநம்பிக்கை. இலக்கியத்தின் உச்சாணிக் கொம்பில் இருப்பவர்கள் இன்னொரு பதில் வைத்திருக்கிறார்கள்: மலிவான ரசனை, ரத்தவெறி. ரெண்டும் சரியில்லை. பேயை நம்பாதவனும் இந்தக் கதையைப் பார்க்கிறான். ஒரு கோழி அறுப்பதைப் பார்க்க முடியாதவளும் பார்க்கிறாள். அவர்கள் தேடுவது வேறு ஏதோ ஒன்று. அது என்ன என்பதுதான் நம் கேள்வி. தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட இரண்டு பழைய படைப்புகளை வைத்து இதைப் பேசலாம். ஒன்று அவர்களுடையது, இன்னொன்று நம்முடையது.

முதலில் அவர்களுடையது. 1981 அக்டோபர் 24 அன்று அமெரிக்காவில் சி.பி.எஸ். தொலைக்காட்சி ஒரு படத்தை ஒளிபரப்பியது. 'டார்க் நைட் ஆஃப் தி ஸ்கேர்குரோ' என்று பெயர். 'சோளக்கொல்லைப் பொம்மையின் இருண்ட இரவு' என்று வைத்துக்கொள்ளுங்கள். இயக்கியவர் ஃப்ராங்க் டி ஃபெலிட்டா, எழுதியவர் ஜே.டி. ஃபெய்கல்சன். தியேட்டருக்கு வராத படம். ஆனாலும் பார்த்தவர்கள் அதை மறக்கவில்லை. நாற்பது வருசம் கழித்து 2022இல் அதே எழுத்தாளர் இரண்டாம் பாகம் எடுக்குமளவுக்கு அதற்கு ஆள் இருந்தது.

கதை இதுதான். ஒரு சிற்றூரில் பப்பா என்று ஒருவன். உடம்பு வளர்ந்த ஆள், மனசு குழந்தை. அவனுக்கு ஒரே சிநேகிதம், ஊரில் ஒரு சின்னப் பெண். அது ஊர் ஆண்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் அந்தப் பெண்ணை நாய் கடித்துக் குதறிவிடுகிறது. காப்பாற்றித் தூக்கிவந்தவன் பப்பா. ஊருக்குக் கிடைத்த சேதியோ, அவன்தான் கொன்றுவிட்டான் என்பது. தபால்காரன் தலைமையில் நாலு பேர் துப்பாக்கியும் வேட்டை நாயுமாகக் கிளம்புகிறார்கள். அவனுடைய அம்மா, பிள்ளையை வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மைக்குள் ஒளித்து வைக்கிறாள். பொம்மையின் முகமூடி ஓட்டைவழியே அவன் கண்கள் தெரிகின்றன. சுட்டுத் தள்ளுகிறார்கள். சுட்ட கையோடு அவர்கள் வண்டியில் செய்தி வருகிறது: பெண் உயிரோடு இருக்கிறாள், காப்பாற்றியதே அவன்தான்.

அப்போது தபால்காரன் ஒரு காரியம் செய்கிறான். வைக்கோல் அள்ளும் இரும்புக் கவை ஒன்றை எடுத்துச் செத்தவன் கையில் செருகி வைக்கிறான். முடிந்தது. அவன் தாக்க வந்தான், நாங்கள் தற்காத்துக்கொண்டோம். நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிராகச் சொல்ல ஆளில்லை. சாட்சி இல்லை, விடுதலை. அந்த அம்மா நீதிமன்றத்திலேயே கத்துகிறாள், சட்டத்தைத் தவிர இந்த உலகத்தில் வேறு நியாயமும் இருக்கிறதென்று.

அதற்குப் பிறகு நடப்பதை எல்லோரும் யூகிக்கலாம். ஒருத்தன் மரம் அரைக்கும் எந்திரத்தில் விழுகிறான். இன்னொருத்தன் தானியக் குதிரில் மூச்சடைத்துச் சாகிறான். கடைசியில் தபால்காரனுக்கு அவன் செருகி வைத்த அதே கவைதான் எமன்.

இதில் கவனிக்க வேண்டியது கொலைகளை அல்ல. இன்றைய படங்களோடு ஒப்பிட்டால் அதில் ரத்தமே இல்லை. எமன் வருமுன் என்ன வருகிறது என்று பாருங்கள். குற்றவாளியின் வயலில் ஒரு பொம்மை நிற்கிறது, அவ்வளவுதான். நேற்று இல்லை, இன்றைக்கு நிற்கிறது. யார் நட்டார்கள் என்று தெரியாது. அது ஓடவில்லை, பேசவில்லை, கையைக்கூட அசைக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவனுக்கு வியர்க்கிறது. கூட்டாளியைத் தேடி ஓடுகிறான். யார் சொன்னது, யாருக்குத் தெரியும் என்று ஒருத்தனை ஒருத்தன் சந்தேகப்படுகிறார்கள். நீதிமன்றத்தில் வாயே திறக்காத உண்மை, ஒரு பொம்மை நின்றதும் அவர்கள் வாயிலிருந்தே கசிகிறது.

படத்தின் ஈர்ப்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம். பழி இந்தக் கதையின் இரண்டாம் பாதிதான். முதல் பாதி சாட்சி. 'நீ செய்தது எனக்குத் தெரியும்' என்று வந்து நிற்க ஒருவர். அவரை மிரட்ட முடியாது, அவருக்குப் பணம் கொடுக்க முடியாது, வேலையை விட்டு நிறுத்த முடியாது, ஊர்க் கிணற்றில் தண்ணி கிடையாது என்று சொல்ல முடியாது. ஏனென்றால் அவர் ஏற்கனவே செத்தவர். உலகத்திலேயே பிறழ்சாட்சி ஆக முடியாத ஒரே சாட்சி, பேய். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது அந்தச் சாட்சியைத்தான்.

இதை அமெரிக்கா ஏன் 1981இல் ஒரு வெள்ளைக்காரப் பேயை வைத்துச் சொன்னது என்றும் கேட்க வேண்டும். துப்பாக்கியும் நாயுமாக ஒருவனைத் துரத்திக் கொன்றுவிட்டு, உள்ளூர் நீதிமன்றத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வருவது அங்கே யாருடைய வரலாறு என்பது எல்லோருக்கும் தெரியும். 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற பதினாலு வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கொன்றார்கள். வெள்ளை ஆண்கள் மட்டுமே உட்கார்ந்த ஜூரி குற்றவாளிகளை விடுவித்தது. மறுவருடமே அந்த இருவரும் ஒரு பத்திரிகையில், ஆமாம் நாங்கள்தான் கொன்றோம் என்று காசு வாங்கிக்கொண்டு சொன்னார்கள். ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது என்ற தைரியம்.

அங்கே எந்தப் பேயும் வரவில்லை. ஆனால் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவர் மோஸ் ரைட், அந்தப் பையனின் பாட்டி வழி உறவு, குத்தகை விவசாயி. வெள்ளையர் நிறைந்த நீதிமன்றத்தில் எழுந்து நின்று, பையனைத் தூக்கிப்போனவன் இவன்தான் என்று விரலை நீட்டிக் காட்டினார். இன்னொருவர் பையனின் தாய் மேமி. சிதைக்கப்பட்ட பிள்ளையின் முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் வந்து பார்த்தார்கள். சினிமாவில் அம்மா சபிக்கிறாள், பிணம் எழுந்து வருகிறது. சிகாகோவில் அம்மா பெட்டியைத் திறந்து வைத்தாள், பிணம் படுத்தபடியே சாட்சி சொன்னது.

இனி நம்முடையதுக்கு வருவோம். 1997-98இல் சன் தொலைக்காட்சியில் வந்த 'விடாது கருப்பு'. மர்மதேசம் வரிசையில் இரண்டாவது. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. இன்றைக்கு முப்பது வயதைத் தாண்டிய எந்தத் தமிழரிடம் கேட்டாலும் அந்தக் குதிரைக் குளம்புச் சத்தத்தைச் சொல்வார்கள். தப்பு செய்தால் கருப்பு கேட்கும் என்று நம்பும் ஓர் ஊர். தப்பு செய்தவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள்.

இராமநாதபுரம் கடலோரத்தில் எங்கள் பக்கம் அப்போது கேபிள் இருந்த வீடெல்லாம் ஊருக்குள்தான். இராமேஸ்வரத்தில் தூர்தர்சனின் கோபுரம் வானத்தை முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் சன் டி.வி.க்குக் கேபிள் வேண்டும், கேபிளுக்கு மாசாமாசம் பணம் வேண்டும். காலனிப் பிள்ளைகள் நாங்கள் ஒரு வீட்டின் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தோம். உள்ளே பெரியவர்கள் கட்டிலில், பிள்ளைகள் பாயில். குதிரைச் சத்தம் கேட்டதும் உள்ளே இருந்த பிள்ளைகள் பயந்து ஆத்தா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். வெளியே நாங்கள், "வந்துட்டாருடா, வந்துட்டாரு!" என்று ஒருத்தனை ஒருத்தன் இடித்துக்கொள்வோம். காட்சி ஒன்றுதான், அரிவாளும் ஒன்றுதான். சன்னலுக்கு அந்தப் பக்கம் அது திகில் தொடர். இந்தப் பக்கம் அது திருவிழா.

பழிக்கதையின் ரசனையை ஆராய்கிறவர்கள் இந்தச் சன்னலை விட்டுவிடுகிறார்கள். பேய் வருகிறது என்றால் பயப்படுவது யார், ஆசுவாசப்படுவது யார்? கணக்கு நேராக இருப்பவன் தணிக்கைக்காரனைப் பார்த்து ஏன் நடுங்கப் போகிறான்? (பேங்க்கில் குப்பை கொட்டுகிறவன், உவமையும் அங்கிருந்துதான் வருகிறது.)

ஆனால் அந்தத் தொடரை அப்படியே தலையில் தூக்கிவைத்து ஆடவும் முடியாது. கதையின் மையம் ஒரு பெரிய வீடு. பேராசை, கொடுமை, நியாயம் எல்லாமே அந்த வீட்டைச் சுற்றித்தான். கடைசியில் கொன்றது சாமி இல்லை என்று தெரிகிறது. மனம் பிளவுண்ட ஒரு மனிதன் தன்னையே கருப்பாக நினைத்துக்கொண்டு கொன்றிருக்கிறான். அறிவியல் வென்றது என்று பகுத்தறிவாளர்கள் கைதட்டலாம். இந்தப் பக்கம் நின்றவனுக்கோ கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. ஊரே நம்பிய நியாயத்தை ஒரு நோயாளியின் மருத்துவச் சீட்டில் எழுதி மடித்து வைத்துவிட்டார்கள். கேட்க வந்தது கருப்பு இல்லையாம், வியாதியாம். அப்படியானால் இனி கேட்பது யார்?

அந்தக் கேள்விக்கு நம் மண்ணில் டி.வி.க்கு முன்பே ஒரு பதில் இருந்தது. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்புக்குப் பிரதான உருவம் என்று ஒன்றில்லை. மூடிய கதவுக்குத்தான் சந்தனம் பூசுகிறார்கள். அந்தக் கதவின் முன்னால் சத்தியம் செய்ய வழக்காளிகள் போவது பழைய வழக்கம். கோர்ட்டில் பொய் சொல்லத் துணிந்தவனும் அங்கே நாக்குக் குழறுவான் என்பது நம்பிக்கை.

இன்னும் நம் பக்கத்தில், சிவகங்கைச் சீமையில், கொல்லங்குடி வெட்டுடையார் காளி. 1985 வரை இது நம் பழைய இராமநாதபுரம் மாவட்டம்தான். ஏமாற்றப்பட்டவர்கள், நிலத்தைப் பறிகொடுத்தவர்கள், பொய் வழக்கில் மாட்டியவர்கள் அங்கே போய்க் காசு வெட்டிப் போடுகிறார்கள். காசை ரெண்டாக வெட்டிச் சாமி முன்னால் போட்டுவிட்டால் வழக்குப் பதிவாகிவிட்டது. முத்திரைக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை, வாய்தா இல்லை. எங்கள் கவுண்டரில் ஒருமுறை ஒரு வயசாளி அம்மா வந்து, "தம்பி, கனமா ஒரு காசு குடு, வெட்டுறதுக்கு" என்று கேட்டார். நிலத்தில் சொந்தத் தம்பி மகன் கையெழுத்து வாங்கி ஏமாற்றிய கதை. கேசு போட்டு ஒம்பது வருசம். "சாச்சி சொல்றேன்னவன் எல்லாம் அவன்ட்ட காசு வாங்கிட்டான். அவன் காசு குடுத்துச் சாச்சிய வாங்குனான், நான் காச வெட்டிச் சாச்சிய வாங்குறேன்" என்றார். இதைவிடத் தெளிவாக நான் என்ன எழுதிவிட முடியும்!

அந்தத் தெய்வம் யார் என்பதற்கும் வாய்மொழிக் கதை உண்டு. வேலு நாச்சியார் வெள்ளையரிடமிருந்து தப்பிப் போன வழியைக் காட்டச் சொல்லி, உடையாள் என்ற ஏழைப் பெண்ணைப் பிடித்தார்கள். அவள் காட்டிக்கொடுக்க மறுத்தாள், வெட்டிப் போட்டார்கள். அவள் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் என்றும் சொல்கிறார்கள். வெட்டுண்ட உடையாள்தான் வெட்டுடையாள் ஆனாள் என்பது வழக்கு. வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு என்பதை ஆய்வாளர்கள் பிரிக்கட்டும். மக்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். மிரட்டியும் பிறழாத ஒரு பெண்ணைத்தான் நீதிக்குத் தெய்வமாக உட்கார வைத்திருக்கிறார்கள். தென்தமிழகம் முழுக்கக் கொலையுண்டவர்கள் சாமியாகி நிற்கிறார்கள். செத்தவனின் சாட்சியத்தைப் பதிந்து வைக்கப் போலீஸ் ஸ்டேசன் இல்லாத காலத்தில், அதைக் கல்லில் பதிந்து வைத்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கொன்ற வீட்டுக்காரனும் அதே சாமிக்குக் கெடா வெட்டுகிறான். பயத்தில் ஆரம்பித்து, பிறகு பாத்தியதை கொண்டாடி, கடைசியில் சாமியையே தன் குலதெய்வமாக்கிக்கொள்கிறான். வருசத்துக்கு ஒரு கெடா, சாட்சி வாய் மூடிவிடும். கல்லில் பதிந்த சாட்சியத்தையும் மாற்றி எழுத முடியும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

சரி, பேய் உண்மையிலேயே வந்திருந்தால்? வந்துமிருக்கிறது. 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. கீழ்க்கோர்ட் 1970இல் நிலச்சுவான்தார் கோபாலகிருஷ்ண நாயுடுவையும் கூட்டாளிகளையும் தண்டித்தது. 1973இல் உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. வசதியும் அந்தஸ்தும் உள்ள மிராசுதார்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்பக் கனம் நீதிபதிகளுக்கு மனம் வரவில்லை. சேரியின் சாட்சியம் ஒரு தட்டில், மிராசுதாரின் அந்தஸ்து ஒரு தட்டில். எது கீழே இறங்கியது என்று சொல்ல வேண்டியதில்லை. 1980 டிசம்பரில் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். அமெரிக்காவில் அந்தச் சோளக்கொல்லைப் பொம்மை டி.வி.யில் நிற்பதற்குப் பத்து மாதம் முன்னால்.

அந்தச் செய்தி கேட்டு வயல்வெளியில் எத்தனை பேர் மூச்சு விட்டிருப்பார்கள் என்பது நமக்குப் புரியும். அதை இங்கே யாரும் கொச்சைப்படுத்த வேண்டாம். ஆனால் கேளுங்கள் தோழர்களே: அதற்குப் பிறகு காகிதத்தில் என்ன மாறியது? அந்த 44 பேரைக் கொன்றவர்கள் இன்னார் என்று சொல்லும் இறுதித் தீர்ப்பு இன்றுவரை இல்லை. ஒரு மனிதன் செத்தான், பொய் சாகவில்லை. அமெரிக்கப் படத்திலும் அப்படித்தான். நாலு பேரும் ஒழிகிறார்கள். ஆனால் அந்த ஊர்க் கோர்ட் பதிவேட்டில் பப்பா கவையை ஓங்கியவனாகவே இருக்கிறான். பேய் ஆளைக் கொல்லும், பதிவேட்டைத் திருத்தாது.

பதிவேட்டைத் திருத்தியவர்கள் உயிரோடு இருந்தவர்கள். 1997 ஜூன் 30, 'விடாது கருப்பு' வந்த அதே வருசம். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும், ஓடும் பேருந்தை நிறுத்திப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். ஊராட்சித் தலைவர் நாற்காலியில் ஒரு தலித் உட்கார்ந்ததுதான் குற்றம். அந்த வழக்கில் காயம்பட்டுத் தப்பியவர்கள் பிறழவில்லை. மிரட்டல் இருந்தது, வழக்கே மதுரையிலிருந்து சேலத்துக்கு மாற்றப்பட்டது. அங்கேயும் போய்ச் சொன்னார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள். உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தன. கருப்பு குதிரையில் வந்து முடிக்காததை, வடுவேறிய உடம்போடு பஸ் ஏறிப் போன மனிதர்கள் முடித்தார்கள்.

பிறகு என்ன நடந்தது? 2008இல் அண்ணா நூற்றாண்டு என்று மூன்று பேர் முன்கூட்டியே விடுதலை. 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு என்று 13 பேர் விடுதலை. ரெண்டு கழகத்துக்கும் ஒரே மனசு. இப்போது சொல்லுங்கள், மக்கள் ஏன் பேய்ப்படம் பார்க்கிறார்கள் என்று. பேய்க்கு நூற்றாண்டு விழா கிடையாது. நன்னடத்தை விடுதலை அதன் அகராதியிலேயே இல்லை. பேய்ப்படம் பார்க்கிறவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று எழுதுமுன், அரசாணை எழுதுகிறவர்களைப் பற்றி ஒரு வரி எழுதட்டும் நம் விமர்சகர்கள்.

இன்னொரு வழக்கு. 2015 ஜூனில் கோகுல்ராஜ். திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோவிலுக்குத் தோழியோடு போன தலித் இளைஞன், மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். தற்கொலைக் கடிதம் இருந்தது, தற்கொலை செய்யப்போகிறேன் என்று பேசும் வீடியோவும் இருந்தது. மிரட்டி எழுத வைத்தார்கள், பேச வைத்தார்கள். செத்தவன் கையில் செருகிய இரும்புக் கவை அது! அமெரிக்கத் தபால்காரனும் நம்ம ஊர்ச் சாதிச் சங்கத்துக்காரனும் ஒரே பள்ளிக்கூடம்.

முக்கியச் சாட்சியான தோழி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். அந்தப் பெண்ணைத் திட்டுவது சுலபம். தன் சாதிக்குள்ளேயே நாளைக்கும் வாழ வேண்டிய ஒரு பெண்ணுக்கு எந்த நாதி இருந்தது என்று கேட்பது கஷ்டம். ஆனால் பிறழாத ஒன்று இருந்தது. கோவிலின் கண்காணிப்புக் கேமரா. உள்ளே போனபோது யாரோடு போனான், வெளியே வந்தபோது யாரோடு வந்தான் என்று அது பார்த்துக்கொண்டிருந்தது. கோவிலில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கண் என்று நம் அப்பத்தாக்கள் சொன்னது, ஒயர் போட்டுச் சுவரில் மாட்டிய வடிவத்தில் வந்தது. அந்தப் பதிவை மறைக்காமல் விடாமல் பிடித்துக்கொண்டு, வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றக் கேட்டு நின்றவர் பையனின் தாய். 2022 மார்ச்சில் பத்துப் பேருக்குத் தண்டனை. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்ற நீதிபதிகள் தாங்களே அந்தக் கோவிலுக்குப் போய்க் கேமரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். 2023இல் தண்டனை உறுதியானது. இங்கே தாய் பேயை அழைக்கவில்லை. நீதிபதிகளை மலையேற வைத்தாள்.

எல்லா வழக்கிலும் கேமரா இருக்காது என்பதும், கேமரா இருந்தும் பிரயோசனம் இல்லாத இடம் உண்டு என்பதும் நமக்குத் தெரியும். 2011 செப்டம்பர் 11, பரமக்குடி. இம்மானுவேல் சேகரனுக்கு அஞ்சலி செலுத்த வந்த கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டதில் ஆறு தலித்துகள் செத்தார்கள். பட்டப்பகல், முச்சூடும் ஊர் பார்த்தது, படமெடுத்தது. விசாரணைக் கமிசன் வைத்தார்கள். துப்பாக்கிச்சூட்டை நியாயப்படுத்தி 2013இல் அறிக்கை வந்தது. தற்காப்பு! கல்லெறிந்தவர்கள் கையில் கல் இருந்தது, சுட்டவர்கள் கையில் அறிக்கை இருந்தது. அரசே கவையைச் செருகும்போது எந்தச் சாட்சி எங்கே போய் நிற்பது? இதற்கு என்னிடம் சுருக்கமான பதில் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். 1957இல் வெட்டிக் கொல்லப்பட்ட ஒரு மனிதரின் பெயரில் ஒவ்வொரு செப்டம்பர் 11க்கும் பரமக்குடி நிரம்புகிறது. 2011க்கு அடுத்த வருசமும் நிரம்பியது. பேய் ராத்திரியில் தனியாக வரும். இது பகலில், பறையோடு, பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறது. அன்றைக்கு மட்டும் எத்தனை தடையுத்தரவு, எத்தனை ஆயிரம் போலீஸ், எத்தனை செக்போஸ்ட் என்று பாருங்கள். அமைதியாக வந்து நின்றுவிட்டுப் போகிற கூட்டத்துக்கு ஏன் இவ்வளவு ஏற்பாடு? வயலில் பொம்மை நிற்கிறது, அவர்களுக்கு வியர்க்கிறது.

ஆகவே பகுத்தறிவுத் தோழர்களுக்குச் சொல்கிறேன். பேய் இல்லை என்று மேடையில் நிரூபிப்பதில் பெரிய லாபமில்லை. பேய் செய்த வேலையை யார் செய்யப்போகிறோம் என்று சொல்லுங்கள், பேய் தானாகப் போய்விடும். பழிக்குப் பழி என்று ரத்தம் சூடாகும் இளைஞர்களுக்கும் சொல்கிறேன். உங்கள் கோபத்தில் குற்றமில்லை. ஆனால் பழி வாங்கினால் நம் பிள்ளை ஜெயிலில், அவர்கள் பொய் பத்திரமாகப் பதிவேட்டில். பேய்க்குக் குடும்பம் இல்லை, வாய்தாவுக்கு அலைய வேண்டாம். நமக்கு உண்டு.

செய்ய வேண்டியது கவர்ச்சியில்லாத வேலை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். 2015இல் அதைத் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் 15-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள் என்பது நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புத் தர வேண்டும். விசாரணைக்கு வந்துபோகும் செலவைக் கொடுக்க வேண்டும். தேவைப்பட்டால் வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும். பிணை, பரோல், விடுதலை எதுவானாலும் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும். நடவடிக்கைகளை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். எல்லாம் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கேட்டு வாங்க ஆள் இல்லாததால் தூங்குகிறது. பேயிடம் நாம் எதிர்பார்த்த குணங்கள்தான் இவை: மிரட்ட முடியாமை, விலைக்கு வாங்க முடியாமை, மறக்காமை. உயிரோடு இருக்கும் ஒரு கூலிக்காரப் பெண்ணுக்கு அந்தக் குணங்களை உண்டாக்கித் தருவதற்குப் பெயர்தான் சாட்சிப் பாதுகாப்பு.

சாட்சி பிறழ்வது கூண்டில் அல்ல. அதற்கு முந்தின ஆறு மாசத்தில், மளிகைக் கடையில் கடன் மறுக்கப்படும்போது, வேலைக்குக் கூப்பிடாமல் விடும்போது, ராத்திரி வாசலில் வண்டி வந்து உறுமிவிட்டுப் போகும்போது. அந்த ஆறு மாசம் நாம் எங்கே இருந்தோம்? சம்பவம் நடந்த அன்று போஸ்டர் ஒட்டினோம், அடுத்த சம்பவத்துக்குப் போய்விட்டோம்.

உங்கள் மாவட்டத்தில் வன்கொடுமை வழக்கு எந்தக் கோர்ட்டில், எந்தத் தேதியில் என்று எழுதி வையுங்கள். சாட்சி சொல்லும் நாளில் இருபது பேர் போங்கள். கோசம் வேண்டாம், கொடி வேண்டாம், செல்போனை அணைத்துவிடுங்கள். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்காருங்கள். கூண்டில் நிற்கும் அக்கா திரும்பிப் பார்த்தால் நம் முகம் தெரிய வேண்டும். எதிரே நிற்கிறவன் திரும்பிப் பார்த்தாலும் தெரிய வேண்டும். அவன் வக்கீல் அவனிடம் குனிந்து, யாருய்யா இவங்க, எதுக்கு வந்திருக்காங்க என்று கேட்கட்டும்.